இடப்பக்கம் எழுதாத பெயர்

செல்வியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதிவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அதை நம்பிக்கொண்டே அவள் செத்துப்போனாள்.

இதோ, சொல்லிவிட்டேன். மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று எத்தனை பேருக்கு நானே புத்தி சொல்லியிருக்கிறேன்! குறையவில்லை.

என் முகம் உங்களுக்குத் தெரியாது. குரல் தெரிந்திருக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு உங்கள் போனில் வந்து, "அன்பானவர்களே, இன்று சோர்ந்துபோகாதீர்கள்" என்று தொடங்குகிறதே... அது நான்தான். ஒரு வசனம், நாலு வார்த்தை ஆறுதல், ஒரு சின்ன ஜெபம். வேலை போனவர்கள், கல்யாணம் முறிந்தவர்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு "ஆமென் அக்கா" என்று பதில் போடுகிறீர்கள். அந்த ஆமெனை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டா? படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் சபை. தகர ஷீட் போட்ட நீளமான ஹால். முன்சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'ஜெபம்'. வலப்பக்கம் 'ஸ்தோத்திரம்'. கஷ்டத்தில் இருப்பவர்களின் பெயர் இடப்பக்கம் ஏறும். ஞாயிறு ஆராதனையில் சரியாகப் பத்தரைக்கு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, சபை முழுதும் முழங்காற்படியிட்டு வாய்விட்டு ஜெபிக்கும். விடுதலை கிடைத்தவரின் பெயரை இடப்பக்கம் அழித்து வலப்பக்கம் எழுதுவோம். அவர் முன்னால் வந்து சாட்சி சொல்வார்.

மார்க்கர் பேனா பதினோரு வருடமாக என் கைப்பையில்தான் இருக்கிறது. எழுதுவதும் நான், வாசிப்பதும் நான். இதெல்லாம் ஒரு பெரிய பதவியா என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய பதவிதான்.

செல்வி எங்கள் பின்தெருக்காரி. திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் முருகன் குட்டியானை வண்டி ஓட்டி லோடு அடிக்கிறவன். ஒரு மகள். இரண்டு பக்கத்து அப்பன் தாத்தாவும் கழனி வேலை செய்தவர்கள். சாமி, கோயில், கூழ் ஊற்றுவது எல்லாம் உள்ள குடும்பம். இவள் மட்டும் ஒருநாள் எங்கள் ஹாலுக்குப் பாட்டுக் கேட்க வந்து, பிறகு வாராவாரம் வந்தாள். முருகன் தடுக்கவில்லை. "உனுக்கு மனசுக்கு நல்லாக்கீதா, போ" என்று சொல்லிவிட்டானாம்.

அவளுக்கு ஒரு வசனம்கூட மனப்பாடமாகத் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால்...

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்ட வாரம். மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சபைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஆளுக்கொரு வசனம் சொன்னார்கள். நான் பிறருக்குச் சொல்லும் அதே வசனங்கள்! தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எல்லாரும் போன பிறகு செல்வி வந்தாள். "எனுக்கு இன்னா சொல்றதுன்னு தெர்லக்கா" என்றாள். நேரே அடுப்படிக்குப் போய், மூன்று நாளாகக் குவிந்துகிடந்த பாத்திரத்தைத் துலக்கினாள். டீ போட்டுக் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்குள் ஆண்டவர் வந்ததாக நான் இன்றும் நம்புகிறேன்.

வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் நான் என்ன செய்தேன்?

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது இடப்பக்கம் முதல் பெயராக அவள் பெயரை எழுதினேன். ஆபரேஷன், கீமோ, கரண்டு வைப்பது என்கிற கதிர்வீச்சு என்று எல்லாம் முறையாக நடந்தது. ஒவ்வொரு தடவையும் சபையிலிருந்து யாராவது கூடப் போனார்கள். வீட்டுக்குச் சாப்பாடு போனது. அவள் மொட்டைத் தலையில் கை வைத்து நான் உருகி ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் கள்ளமில்லை, அது ஒன்றை மட்டும் நம்புங்கள்.

ரிப்போர்ட் நன்றாக வந்தது. நோய் தெரியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்வியின் பெயர் வலப்பக்கம் போனது. அவள் முன்னால் வந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சுகந்தி அக்கா கை வெச்சாங்க. அன்னிக்கே எனுக்கு நல்லாய்டும்னு தெரிஞ்சிடுச்சு." ஹால் அதிர்ந்தது.

பாருங்கள், மருந்து பற்றியும் சொன்னாள், டாக்டரம்மா பற்றியும் சொன்னாள். ஜனங்கள் காதில் விழுந்தது என் பெயர் மட்டும்! வானகரத்திலிருந்து, பூந்தமல்லியிலிருந்து பெண்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் ஞாயிறு ஆராதனைக்கும் வரத் தொடங்கினார்கள். "நீங்கதானே அந்தக்கா?" என்று கேட்பார்கள். "எல்லாம் கர்த்தர்" என்று வாய் சொல்லும். உள்ளே... ஐயோ, உள்ளே எவ்வளவு இனித்தது தெரியுமா!

எட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபம் முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டும் நேரத்தில் செல்வி என் புடவையைப் பிடித்தாள்.

"அக்கா, மறுபடி வந்துகீதுக்கா. இடுப்பு எலும்புல பரவிக்கினு கீதாம்."

நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. முதலில் சுற்றுமுற்றும் பார்த்தேன். யார் காதிலாவது விழுந்ததா என்று!

"என் பேரைத் திரும்பக் கொண்டாந்து அந்தப் பக்கம் போடுங்கக்கா. அல்லாரும் ஜெபிச்சா எனுக்குத் தைரியமா இருக்கும். தனியாத் தாங்க முடிலக்கா."

அவள் கேட்டது அவ்வளவுதான். பலகையில் ஒரு பெயர்.

வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு ஒரு பெயரும் திரும்பி வந்ததில்லை எங்கள் சபையில். "கொஞ்சம் பொறுடி. ஆண்டவர் ஒருதரம் செஞ்சதைத் திருப்பி எடுத்துக்க மாட்டார். இப்பவே எழுதினா அவிசுவாசம் ஆயிடும். புதுசா வந்திருக்கிறவங்க இடறிப்போயிடுவாங்க. உன் சாட்சியைக் காப்பாத்திக்கோ" என்றேன்.

அவளுடைய சாட்சியாம்! நான் காப்பாற்றியது என் பெயரை.

"நீங்க சொன்னா சரிக்கா" என்று போய்விட்டாள். அடுத்த ஞாயிறு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பெயர்களை வாசித்தேன். கடைசிப் பெயர் முடிந்ததும் அவள் தலை நிமிர்ந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினேன். இப்படி ஐந்து ஞாயிறு.

பிறகு அவளால் வர முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள்.

"அக்கா, இப்பவாவது எழுதினீங்களா?"

"எழுதிட்டேம்மா. நேத்து சபையே அழுது ஜெபிச்சுது."

நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது! அந்தப் பக்கம் அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. "அப்பாடா... இது போதும்க்கா" என்றாள்.

சரி, சொன்னது பொய்தான். அடுத்த ஞாயிறு எழுதியிருந்தால் அது மெய்யாகியிருக்குமே! வாராவாரம் மார்க்கரைத் திறந்தேன். வாராவாரம் வானகரத்துப் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அடுத்த வாரம் என்று மூடினேன். செல்வி எங்கே என்று கேட்டவர்களிடம், கம்பெனியில் ஞாயிறும் டூட்டி போட்டுவிட்டார்கள் என்றேன். "யாரும் வந்து பாக்கலையேக்கா" என்று அவள் ஒருமுறை கேட்டபோது, "உனக்குத் தொத்து எதுவும் வந்துடக்கூடாதுன்னு நான்தான் வரவேணாம்னு சொல்லியிருக்கேன்" என்றேன். "அதுவும் சரிதான்க்கா" என்றாள். நானாவது போனேனா? இரண்டே தடவை போனேன். இரண்டு தடவையும் வசனம் சொன்னேன். அவள் வீட்டு அடுப்படியிலும் பாத்திரம் கிடந்தது. பார்த்தேன்... கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

முதல் தடவை ஒவ்வொரு கீமோவுக்கும் ஆள் கூடப் போனார்கள் என்று சொன்னேனே... இரண்டாவது தடவை முருகனுக்கு லோடு இருக்கும் நாட்களில் அவள் தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்தாள். இதை அவள் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தாராம், அந்தச் சந்தோஷத்தைச் சொன்னாள்.

ஆடி மாதத்தில் போய்விட்டாள். முருகன் வீட்டு முறைப்படி எடுத்தார்கள். நான் ஓரமாய் நின்றேன். சபையில் எல்லாருக்கும் அதிர்ச்சி. "சுகமானவளாச்சே!" என்றார்கள். "திடீர்னு" என்றேன். அவளைப் பற்றி நான் சொன்ன கடைசிப் பொய் அதுவாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

காரியம் முடிந்த வாரம், சனிக்கிழமை முருகன் போன் செய்தான். "நாளைக்குக் காலீல சபைக்கு வரேன்க்கா. அல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லணும்."

மறுநாள் எட்டு மணிக்கே ஓடினேன். ஹாலில் யாருமில்லை. வலப்பக்கம் இன்னும் அவள் பெயர் இருந்தது. அழித்தேன். இடப்பக்கம், முதல் வரியில், என் கையால் 'செல்வி' என்று எழுதினேன். அவள் உயிரோடு கெஞ்சியபோது எழுதாத பெயரை, செத்துப் பதினெட்டாம் நாள் எழுதினேன்!

முருகன் மொட்டைத் தலையோடு வந்தான். பலகை முன்னால் போய் நின்றான்.

"இதான்க்கா... இத்த நெனச்சிக்கினே தான் இருந்தா. ஞாயித்துக்கிழமை பத்தரை ஆச்சுன்னா, தூக்கி உக்கார வைன்னுவா. தலைல முந்தானையப் போட்டுக்குவா. 'இப்ப என் பேரைப் படிக்கிறாங்க, டிவிய நிறுத்து'ன்னுவா. நானு சாமி மாத்திக்கலக்கா. ஆனா நானும் பக்கத்துல உக்காந்து கையக் கூப்பிக்குவேன். வலில துடிக்கிறவ அந்த அர மணி நேரம் கம்முனு இருப்பா. நீங்கல்லாம் இல்லாங்காட்டி அவ அன்னிக்கே போயிருப்பா."

அவன் போனை எடுத்து அந்தப் பெயரைப் போட்டோ எடுத்தான். மை காய்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஆராதனை வரைக்கும் அவனை இருக்கவிட்டால் மைக்கில் நன்றி சொல்லிவிடுவான், குட்டு வெளிப்பட்டுவிடும். "நீ போப்பா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று தோளைத் தட்டினேன். பூந்தமல்லி லோடு இருக்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனான். போகும்போதுகூட, "உடம்பப் பாத்துக்கங்கக்கா, நீங்களும் இளைச்சிட்டீங்க" என்றான்.

அவன் போன பிறகு பாஸ்டர் ஐயா வந்தார். பலகையைப் பார்த்தார். "என்னம்மா இது? மரித்தவங்க பேரை ஜெபத்துல எழுதியிருக்கீங்க?"

அதுதான் சமயம். ஒரே ஒரு மனுஷரிடம் உண்மையைச் சொல்ல ஆண்டவர் கதவைத் திறந்து வைத்தார். "துக்கத்துல கை தவறிடுச்சு ஐயா" என்றேன். அவர் என் தலைமேல் கை வைத்து, ஆறுதலாக ஜெபித்தார். நான் டஸ்டரை எடுத்து அழித்தேன்.

அன்பானவர்களே... இல்லை, அந்தக் குரல் இங்கே வேண்டாம். உங்களைக் கேட்கிறேன். அவளுக்குக் கிடைத்த ஆறுதல் பொய்யா, மெய்யா? யாருமே ஜெபிக்காத அந்தப் பத்தரை மணியில் அவள் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அப்படி வந்திருந்தால் அவர் தானாக வந்தார், நான் அனுப்பவில்லை. அதை வைத்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பத்துத் தெரு தள்ளி அறுபது பேர் முட்டி போட்டிருந்தோம். அவள் பெயர் ஒரு வாயிலும் இல்லை.

போன மாதம் முருகன் தெருவில் வண்டியை நிறுத்தினான். மகள் திவ்யாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையாம். அம்மா போனதிலிருந்து புத்தகத்தைத் திறந்தால் அழுகிறாளாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

"அவ பேரையும் போர்டுல எழுதுங்கக்கா. அவ அம்மா பேரு இருந்துச்சே, அதே எடத்துல."

எழுதினேன். முதல் வரி, இடப்பக்கம். ஞாயிறுதோறும் முதலில் அவள் பெயரைத்தான் வாசிக்கிறேன், அழுதுவிடுகிறேன். சபையில் எல்லாரும் என் உருக்கத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறார்கள்.

பத்தரைக்கு அந்த வீட்டில் டிவி நின்றிருக்கும். அப்பனும் மகளும் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். அவன் போனில் அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது.