சலூன் நாற்காலி

அந்த நகர அருங்காட்சியகத்தில் அவரை ‘கைய எடு அண்ணன்’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் முதல் தரை துடைப்பவர் வரை யாரும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அவர் கேட்டதில்லை. கீழ்த்தளக் கூடத்தின் காவலர் அவர். பார்க்க வந்தவர்களில் யாராவது ஒரு பொருளின் பக்கம் விரலை நீட்டினால் போதும், கூடத்தின் மறுகோடியிலிருந்து “கைய எடு” என்று குரல் வந்து விழும். நீட்டிய விரல் பாதியிலேயே மடங்கிவிடும். வயதில் பெரியவர்களாக இருந்தால் பின்னாலேயே ஒரு “ங்க” வரும், கொஞ்சம் தாமதமாக.

தன் கூடத்தில் இதுவரை எதன் மீதும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அவருக்குப் பெருமை. வீட்டிலும் அடிக்கடி சொல்வார். பேக்கரியில் கல்லாவில் உட்காரும் அவர் மனைவி, “இங்கதான் ஆளுக்கொரு தட்டா உடைக்கிறோம். அந்தக் கூடத்துலயே குடித்தனம் வெச்சிருக்கலாம்” என்பார்.

அந்த வருடம் அருங்காட்சியகத்துக்கு மோசமாகத்தான் தொடங்கியது. முதலில் வைத்தது பறவைகள் கண்காட்சி. பாடம் செய்த பருந்துகளுக்கும் ஆந்தைகளுக்கும் நடுவே, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் ஆந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். இப்படியே போனால் கட்டடத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது.

அப்போதுதான் காப்பாட்சியர் அம்மா ஒரு காரியம் செய்தார். அருங்காட்சியகத்தின் முழுப் பொறுப்பும் அவர் தலையில்தான். சுற்றியிருந்த தெருக்களில் அவரே வீடு வீடாகப் போனார். மூடிப்போன கடைகளின் சாமான் ஏதாவது பரணில் கிடந்தால் தாருங்கள், அதை வைத்து ஒரு கண்காட்சி போடலாம் என்று கேட்டார். வருமோ வராதோ என்று சந்தேகமாகத்தான் கேட்டார். ஆனால் வந்து குவிந்தன. தராசு, பெயர்ப்பலகை, செருப்புத் தைக்கும் இரும்புக்கால், சைக்கிள் கடைக் காற்றுப் பம்பு, மருந்துக்கடைக் கண்ணாடி ஜாடிகள். சாமானைக் கொண்டுவந்தவர்கள் ஒழுகும் கூரையையும் பார்த்தார்கள். அடுத்த வாரமே இரண்டு கொத்தனார்கள் கூலி வேண்டாம் என்று ஏறி ஓட்டைகளை அடைத்தார்கள். யாரோ சுவருக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். ‘நம்ம தெருக் கடைகள்’ என்று பலகை மாட்டித் திறந்த அன்று வாசலில் வரிசை நின்றது. பொருள் கொடுத்தவர்கள் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, “அதோ பார், நம்ம தராசு” என்று காட்டினார்கள்.

கூட்டம் கூடக்கூடக் காவலருக்குத்தான் பாடு அதிகமானது. தங்கள் சாமான்தானே என்று ஆளாளுக்குத் தொட்டார்கள். அவர் தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினார்.

கூடத்தின் நடுவில் ஒரு சலூன் நாற்காலி இருந்தது. சுழலும் இரும்பு நாற்காலி. கைப்பிடியில் வெள்ளைப் பீங்கான், காலடியில் உயரம் கூட்டும் மிதி, தலை சாய்க்கும் தோல் திண்டு வெளுத்துப் போயிருந்தது. ஒருநாள், பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பே வந்திருந்த நேரத்தில், அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக வந்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். அப்புறம் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, தலையைத் திண்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

காவலர் ஓடி வந்தார். தொடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். உட்கார்ந்து கண் அயர்கிறவரைப் பார்த்ததில்லை.

“எழுந்திருங்க. எழுந்திருங்கன்னு சொல்றேன்ல? இது என்ன உங்க வீட்டு நாற்காலியா?”

கூடமே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். கைப்பிடியை ஊன்றி மெதுவாக இறங்கினார்.

“இல்லப்பா. இப்ப இல்ல” என்றார்.

பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அவர் சொன்னது காவலரின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. திண்டில் எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பணியாளர் கூட்டத்தில் காப்பாட்சியர் அம்மா எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பாராட்டினார். இவ்வளவு கூட்டத்திலும் ஒரு பொருளுக்கும் சேதமில்லை என்றால் அது இவரால்தான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டும்படி உத்தரவு வந்தது. அவரே ஆசையாகக் கட்டினார்.

பொருள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு மாலைக் கூட்டம் வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. அவரவர் கொடுத்த பொருளுக்குப் பக்கத்திலேயே அவரவர்க்கு இருக்கை போட்டிருந்தார்கள். சலூன் நாற்காலிக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது.

“சலூன்காரர் வீட்டம்மா வரலையா?” என்று காவலர் கேட்டார், பேச்சுக்குத்தான்.

“அவங்களுக்கு இஷ்டமில்லன்னு மருமகள் சொல்லிட்டா” என்றார் காப்பாட்சியர் அம்மா. “நாற்காலியைக் கொடுக்கும்போது எவ்வளவு சந்தோஷமா கொடுத்தாங்க தெரியுமா. என்ன வருத்தமோ தெரியல. அதோ, படத்துல பின்னாடி துண்டோட நிக்கிறாங்களே, அவங்கதான்.”

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அந்தச் சலூனின் பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. காவலர் தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். பொருள்களைப் பார்ப்பது அவர் வேலை இல்லை, பார்க்க வருகிறவர்களைப் பார்ப்பதுதான் வேலை. இப்போது கிட்டே போய்ப் பார்த்தார். நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர். கையில் கத்தியோடு சலூன்காரர். பின்னால், கதவோரத்தில், தோளில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு ஓர் இளம்பெண். வயது மட்டும்தான் வேறு. அதே நெற்றி, நேராகப் பார்க்கும் அதே கண்.

‘இது என்ன உங்க வீட்டு நாற்காலியா?’

தான் கேட்டது தனக்கே இப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தெருக்காரர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டடமே இல்லை என்றார்கள். கைதட்டல் கேட்டது. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்த்த இடத்திலெல்லாம் தான் கட்டிய கயிறுதான் இருந்தது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்கு நினைவுப் பரிசை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றபோது, சலூன்காரர் வீட்டுக்குத் தான் போவதாக முந்திக்கொண்டு சொன்னார். போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தார். வார விடுமுறை அன்று சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையில் போனார். வாசலில் நின்று “அம்மா” என்று கூப்பிட்டார்.

அந்த அம்மாவே வந்து கதவைத் திறந்தார். சின்ன வீடு. கூடத்தில் தையல் மிஷின், மடித்து வைத்த துணிகள், மேலே ஓடும் மின்விசிறி. பரிசைக் கையில் வாங்கிப் பார்த்து அலமாரியில் வைத்தார். உட்காரச் சொல்லிவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தார். தன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று காவலருக்குத் தோன்றியது. அந்த நிமிடம் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்படி நிம்மதி வந்ததற்காகவே பிறகு அவர் பல நாள் தன்னைத் திட்டிக்கொண்டார்.

“கூட்டத்துக்கு வந்திருக்கலாமேம்மா.”

“ஒரு தடவை வந்தேன். போதும்னு ஆயிடுச்சு” என்றார் அந்த அம்மா. “கடை இருந்தவரைக்கும் நான் அந்த நாற்காலியில உக்காந்ததே இல்ல. துண்டு துவைப்பேன், கத்தி கழுவுவேன், முடியக் கூட்டுவேன். பொம்பள உக்காந்தா வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு அவர் சொல்லுவார். அவர் போனப்புறம் வீட்டுல கெடந்தப்பவும் தோணல. மேல துணிமணிதான் போட்டு வெச்சிருந்தோம். அங்க அதை வெளிச்சத்துல, நடுக்கூடத்துல பாத்ததும் திடீர்னு ஆசை வந்துடுச்சு. உக்காந்தேன். ஒருத்தர் எழுப்பி விட்டுட்டார்.”

“யாரு?” என்று காவலர் கேட்டார். தன் வாயா அதைக் கேட்டது என்றிருந்தது.

“யாரோ. சட்டையில நெறைய பொத்தான் இருந்துச்சு. பாவம், அவர் வீட்டுல நாற்காலியே கிடையாதோ என்னவோ.”

காவலர் தலையைக் குனிந்து டீயைக் குடித்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது. சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது, டீயோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. “வரேம்மா” என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினார். கடைசியில் கத்தியைக் கீழே வைத்தார்.

“சொல்லாமலே வந்துட்டீங்களா?”

“வாய் வரல.”

“டீ குடிக்க மட்டும் வந்துச்சா?”



அன்றிலிருந்து கூடத்தில் நிற்பது பெரும்பாடாகிவிட்டது. யாராவது நாற்காலிக் கயிற்றின் அருகே போனால் கத்த வாயைத் திறப்பார், சத்தம் வராது. அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவும் முடியவில்லை, எதிரே நிற்கவும் முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் அவரைக் கேலி செய்து, “கைய எடு அண்ணனுக்குத் தொண்டையில பேட்டரி தீர்ந்துபோச்சு” என்றார்கள். ஒருநாள் காப்பாட்சியர் அம்மாவின் அறைக்குப் போய், நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“நான் வேற எல்லாருக்கும் முன்னாடி உங்களைப் பாராட்டினேனே” என்றார்.

“அதாம்மா இன்னும் கஷ்டமா இருக்கு.”

“சரி. கண்காட்சி முடியப்போகுது. நாம மூடி வைக்கிற வார விடுமுறை நாள்ல அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வேற யாரும் இருக்க மாட்டாங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காரட்டும்.”

இந்த முறை வேலை முடிந்து சீருடையோடேயே போனார். அந்த அம்மா வாசலில் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். காவலர் சுற்றி வளைக்கவில்லை.

“அன்னிக்கு உங்களைக் கத்தி எழுப்புனது நான்தாம்மா.”

“தெரியும்” என்றார் அவர், ஒரு சட்டையை உதறி மடித்தபடி.

“இந்தச் சட்டையைப் பாத்தா?”

“போன தடவையே தெரியும். வாசல்ல நின்னு ‘அம்மா’ன்னு கூப்பிட்டீங்களே. சட்டைய மாத்தலாம், குரலை எங்க கழட்டி வைப்பீங்க?”

காவலருக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்பவே ஏம்மா கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். டம்ளர் காலியாகிற வரைக்கும் பாத்தேன்.”

காவலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தப்பு என்னுடையதுதான், பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றார். ராத்தூக்கம் இல்லை என்றும் சொல்ல வந்தார். அது தன் கஷ்டத்தை அவர் தலையில் ஏற்றுவது போலத் தோன்றியதால் விட்டுவிட்டார். பிறகு விடுமுறை நாளைப் பற்றிச் சொன்னார். கயிற்றை எடுத்துவிடுவோம், யாரும் இருக்க மாட்டார்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றார்.

அந்த அம்மா மடித்த துணிகளை இடுப்பில் தாங்கிக்கொண்டு யோசித்தார்.

“வேணாங்க. அன்னிக்கு உக்காந்தது நானா ஆசைப்பட்டு. இப்ப நீங்க கூப்பிட்டு வந்து உக்காந்தா, அது உங்களுக்காக உக்காந்த மாதிரி ஆயிடும்.”

“அப்படியில்லம்மா...”

“அப்படித்தான். உங்க மேல கோவமெல்லாம் இல்ல. இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா வேணாம்.”

கோபம் இருந்திருந்தாலாவது வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பியிருக்கலாம் என்று போகும் வழியெல்லாம் நினைத்தார்.

கண்காட்சி முடிந்ததும் நாற்காலியைக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். தூக்குகிறவர்களோடு அவரும் ஒரு பக்கம் பிடித்தார். நல்ல கனம். போர்வை போட்டு மூடி, இருட்டான ஒரு மூலையில் நிறுத்தினார்கள். சரி செய்ய இருந்த ஒரே வழியும் அந்தப் போர்வைக்கு அடியில் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றியது.

வருடக் கடைசியில், அதே போலத் தெருக்காரர்களிடம் வாங்கிய கடிகாரங்களின் கண்காட்சி. முந்தையதைவிடக் கூட்டம் அதிகம். ஒருநாள் ஒரு பெரியவர், ஓடாமல் நின்றுபோன கடிகாரம் ஒன்றின் கண்ணாடிக் கதவைத் திறக்கப் போனார். காவலர் பார்த்தார். இது அவர் கொடுத்த கடிகாரமாக இருந்தால் என்ன செய்வது என்று தயங்கினார். தயங்கிய நேரத்தில் கதவு கீலோடு பெயர்ந்து கையில் வந்து, கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. கடிகாரம் அந்தப் பெரியவருடையது இல்லை.

“கத்துனாலும் தப்பு, கத்தாட்டியும் தப்புன்னு நிக்காதீங்க” என்றார் காப்பாட்சியர் அம்மா. “பக்கத்துல போய்ப் பேசுங்க. கால் இருக்குல்ல?”

அதற்குப் பிறகு அவர் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். யாராவது எதையாவது நெருங்கினால் அருகே போய், இது உங்கள் வீட்டிலிருந்து வந்ததா என்று தணிந்த குரலில் கேட்பார். பெரும்பாலும் இல்லை என்பார்கள். ஆம் என்று சொன்னவர்கள் அதன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர் நின்று கேட்பார். மாலையில் கால் வலிக்கும். கேட்டதால் மனசின் பாரம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

கடிகாரக் கண்காட்சியைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து வந்தபோது அந்த அம்மாவும் கூட வந்தார். காவலர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எதிரே போவதா, தூண் மறைவில் ஒதுங்குவதா என்று புரியாமல் நின்றார். அந்த அம்மாவோ நேராக அவரிடம்தான் வந்தார்.

“பாத்ரூம் எந்தப் பக்கம்?”

“வாங்கம்மா, நானே வந்து காட்டறேன்.”

“வழியச் சொன்னா போதும். கூட வர வேணாம்.”

இடப்பக்கம் திரும்பி நேராகப் போகச் சொன்னார். அந்த அம்மா போனார். திரும்பி வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் எதிரே நின்று பார்த்தார், பக்கத்துப் பெண் ஏதோ சொன்னதற்குச் சிரித்தார். அந்தப் பக்கம் போகாமல் காவலர் ஜன்னலோரமாகவே இருந்தார், அவர்கள் பார்த்து முடிக்கும்வரை.