சுகமாயிருப்பதாக எழுதிய உபதேசியார்

அன்னமேரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே திட்டு வாங்கினாள். விளம்பரம் படித்த குற்றத்துக்காக.

நவி மும்பை ஐரோலியில் இருக்கிறது அந்தக் கம்பெனி. வெள்ளைக்காரன் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்கள் படமாக வரும். ஒவ்வொரு செய்தியையும் திரையில் கட்டம் கட்டி, தலைப்பையும் எழுதியவர் பெயரையும் தட்டச்சு செய்து பட்டியலில் ஏற்ற வேண்டும். விளம்பரம் வந்தால் 'விளம்பரம்' என்று மட்டும் குறித்துவிட்டு நகர வேண்டும். அன்னமேரி நகரமாட்டாள். முழுவதையும் படித்து, அதிலுள்ள பெயர், ஊர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. டீம் லீடர் ஷ்ருதிக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டத் தெரியாது.

"ஆன்ட்டி, ஆட் ஹை தோ சோட் தோ நா, விளம்பரம்னா விட்டுடுங்க. உங்க பேஜ் கவுண்ட்தான் டெய்லி கம்மி."

"இனிமே விட்டுருதேன்மா," என்பாள். சொல்வதோடு சரி.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. பிறந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், பத்தாவது வரை படித்தது முனிசிபல் தமிழ்ப் பள்ளியில். தமிழ் மீடியத்தை வைத்துக்கொண்டு பம்பாயில் என்ன கிழிக்கப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளும் இருபது வருஷம் தாராவியில் முறுக்கும் சேவும் பாக்கெட் போட்டாள். பிறகு இந்தக் கம்பெனிக்காரர்கள் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆளுக்கு அலைந்தபோது, பட்டம் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுத்தைப் பார்த்து முழித்தார்கள். அன்னமேரி ஒரு முழுப் பக்கத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டி வேலையைக் கையோடு வாங்கி வந்தாள். சொந்தக்காரர்கள் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

விளம்பரங்களில் அவளைப் பிடித்து உட்காரவைத்தது தபால் வைத்தியர்கள்தான். அவர்களிடம் நேரில் போக வேண்டாம். பத்திரிகையில் அச்சிட்ட கேள்விகளைக் கத்தரித்து, பதில் எழுதி, அரையணா ஸ்டாம்போடு அனுப்பினால் போதும். தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி. பார்சலில் மருந்து வந்துவிடும். பார்சல்மேல் மருந்து என்று எழுதியிருக்காது, ரகசியம் காக்கப்படும். கேள்விகளைப் படித்தால் சிரிப்பு வரும். நாவின் நிறம் என்ன? கனவில் தண்ணீர் வருவதுண்டா? கோபம் காலையிலா மாலையிலா? இதற்கு ஜனங்கள் என்ன பதில் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தே ஸ்டேஷனைத் தவறவிட்டிருக்கிறாள். ஒரே டப்பி ஆஸ்துமாவுக்கும் ஆகுமாம், பேய்க்கனவுக்கும் ஆகுமாம், கோர்ட்டில் வாய் குழறுகிறவனுக்கும் ஆகுமாம். வைத்தியர் பேருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துக்களோ பேரைவிட நீளம்.

எல்லாவற்றுக்கும் கீழே நன்றிக் கடிதங்கள் இருக்கும். இரங்கூன் கிளார்க், கொழும்பு மேஸ்திரி, தஞ்சாவூர் வக்கீல் குமாஸ்தா. அவர்களில் ஒருவர் திசையன்விளைப் பக்கத்து வேதமாணிக்கம் உபதேசியார். 'தாங்கள் அனுப்பிய மதுமேக சூரணம் வரப்பெற்றேன். பன்னிரண்டு வருஷமாய் வாதித்த நீரிழிவு நீங்கி இப்போது பூரண சுகமாயிருக்கிறேன். லோகோபகாரமாய் இதைப் பிரசுரிக்கவும்.' அப்பா அம்மாவின் ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் அன்னமேரிக்கு அவர்மேல் தனிப் பிரியம். அடுத்தடுத்த இதழ்களிலும் அவரைக் கண்டால் தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோல் இருக்கும்.

இதையெல்லாம் வீட்டில் வந்து சொன்னால் ரசித்துக் கேட்பது அவள் புருஷன் ஆபிரகாம்தான். தோல் பை செய்யும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். தமிழ் பேசுவான், பாடுவான், வாசிக்க மட்டும் வராது. பைபிளைக்கூட மொபைலில் கேட்பவன். நாக்கு நிறம் கேட்ட வைத்தியனைப் பற்றிச் சொன்ன அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அப்படிச் சிரித்த மனுஷன்தான் இரண்டு மாதம் கழித்து கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ணுதீய?" என்றாள்.

"டாக்டர் கேக்காரு. வாட்ஸ்அப்ல அனுப்பணும். சுகருக்கு சூரணம், கூரியர்ல வரும். பத்தியம் ஒண்ணும் கெடையாதாம்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டை போட்டாள். ஆபிரகாம் அசையவில்லை. "மொபைல்ல வந்த வீடியோவுல, சுகமானவங்க பேரு, ஊரு எல்லாம் சொல்லுதாவட்டி. பேர் சொல்லி எவனாவது பொய் சொல்லுவானா?" என்றான்.

அவன் அப்படி நம்பியதில் ஆச்சரியம் இல்லை. அவர்கள் போகும் ஜெபக்கூட்டத்தில் வாராவாரம் யாராவது எழுந்து சாட்சி சொல்வார்கள். பேர், ஊர் சொல்லி, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்வது. கத்தோலிக்க வீட்டிலிருந்து வந்த அன்னமேரிக்குக் கல்யாணமான புதிதில் அது புதுமையாக இருந்தது. நடந்து முடிந்ததைச் சொல்கிறவர்கள் உண்டு. நடந்துவிடும் என்று நம்பி, நடந்ததாகவே முன்கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம், விசுவாசம் பெரியது என்பார்கள்.

சூரணம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆபிரகாம் எழுந்து நின்று, சர்க்கரை என்னை விட்டுப் போய்விட்டது என்று சாட்சி சொன்னான். கூட்டம் அல்லேலூயா போட்டது. வெளியே வரும்போதே நாலைந்து பேர் அந்த நம்பரை வாங்கிக்கொண்டார்கள். சர்க்கரைக்கு இத்தனை நாள் போட்டுவந்த கிளினிக் மாத்திரையை ஆபிரகாம் அன்றோடு நிறுத்தினான்.

ஒன்றரை மாதத்தில் வலது கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. சயன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று அறுபது. இனி தாமதித்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார்.

அன்னமேரி கெஞ்சினாள். ஆபிரகாம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "சபைக்கு முன்னால நின்னு சொன்னவன்ட்டி நான். இப்பம் மாத்திரையப் போட்டா ஆண்டவருக்கு முன்னால பொய்யன் ஆயிருவேன்லா? என்னை நம்பி வாங்கினவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

புண்ணைவிட இந்தப் பேச்சுதான் அவளைப் பயமுறுத்தியது. மருந்தை நம்பி மாத்திரையை விட்டவனை இழுத்துவிடலாம். வார்த்தையைக் காப்பாற்ற விட்டவனை என்ன செய்வது?

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. உபதேசியாருக்கு அப்புறம் என்ன ஆனது என்று திடீரென்று ஒரு கேள்வி வந்தது. ஆபிரகாமைப் போல் அவருக்கும் புண் ஏதும் வந்திருக்குமோ? திட்டு வாங்கி வாங்கி அவள் விளம்பரப் பெயர்களை எல்லாம் ஏற்றி வைத்திருந்ததால் தேடுவது சுலபமாக இருந்தது. வேதமாணிக்கம் என்று தட்டினாள். 1924 முதல் 1935 வரை வரிசையாக வந்து விழுந்தார். அத்தனையும் விளம்பரம். நடுவில், 1926இல், வேறு யாரோ ஏற்றிய ஒன்று மட்டும் 'வாசகர் கடிதம்' என்று இருந்தது. எழுதியவர்: வேதமாணிக்கம் உபதேசியார் சம்சாரம் அன்பாயி.

அந்தப் பக்கத்தைத் திறந்தாள். படித்து முடித்ததும் சாப்பிட எழுந்திருக்கவே தோன்றவில்லை. மொபைலை உள்ளே விடமாட்டார்கள், லாக்கரில் இருந்தது. டைரியில் கையால் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை ஆபிரகாமின் கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒரு காயிதம் வாசிக்கேன், கேளுங்க," என்றாள்.

'பத்திராதிபரவர்களுக்கு. என் புருஷன் சென்ற ஆனி மாதம் நீரிழிவினால் கால் அழுகி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மருந்து வந்த மூன்றாம் நாள் அவர் அந்தக் கடிதாசியை எழுதினார். சுகமாகிவிடும் என்கிற விசுவாசத்தால் எழுதினாரேயன்றிப் பொய் சொல்ல எழுதினவரல்ல. பின்பு சுகமில்லை என்று சொல்ல வெட்கப்பட்டார். அவர் சுகமாயிருப்பதாக இன்னமும் வாரந்தோறும் அச்சிடுகிறீர்கள். பிள்ளைகள் வாசித்து அழுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தவும்.'

ஆபிரகாம் டைரியை வாங்கி, தனக்கு வாசிக்க வராத அந்த எழுத்தைப் பார்த்தான்.

"நிறுத்துனானா?" என்று கேட்டான்.

"காயிதத்தையும் போட்டிருக்கான், அடுத்த பக்கத்துல வெளம்பரத்தையும் போட்டிருக்கான். செத்து ஒம்பது வருசம் அந்த மனுசன் சுகமாத்தான் இருந்திருக்காரு," என்றாள் அன்னமேரி. சொல்லும்போதே அழுதுவிட்டாள். "எனக்கு ஒங்க சாட்சி வேண்டாம், நீங்க வேணும்."

மறுநாள் ஞாயிறு. பாட்டு முடிந்ததும் ஆபிரகாம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"போன மாசம் சுகர் போயிட்டுன்னு சொன்னேன். போகல. முந்நூத்தறுவது இருக்கு. கால்ல புண்ணு. நம்பித்தான் சொன்னேன், ஆனா நடக்காதத நடந்ததாச் சொன்னேன். இன்னைக்குக் காலைல மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். என்னை நம்பி வாங்கினவிய மன்னிக்கணும்."

அல்லேலூயா சொல்வதா, வேண்டாமா என்று சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரீனா எழுந்தாள். சூரணம் வாங்கியவர்களில் அவள் ஒருத்தி. "எனக்கும் கொறையலண்ணே. எனக்கு விசுவாசம் பத்தலன்னு நெனச்சு வெளிய சொல்லல," என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஆன்றோ எழுந்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார். அப்புறம் இன்னொருவர். எல்லாரும் தங்களுக்கு மட்டும்தான் குணமாகவில்லை என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எல்லாரும் முன்னால் இருந்த பாஸ்டர் ஸ்டெர்லினைப் பார்த்தார்கள், அவர் என்ன சொல்வாரோ என்று. அவர் மைக்கை மேஜைமேல் வைத்தார்.

"ஆபிரகாமண்ணே," என்றார். "நானும் அந்தச் சூரணந்தான் சாப்பிடுதேன். நீங்க மாத்திரை வாங்குற கிளினிக்குக்கு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."