வெளியே உட்கார்ற பொண்ணுக்கு ஒரு அடுப்பு

எங்க வீட்டுக்காரருக்கு அவர் கம்பெனியில "மூணு தடவை"ன்னு பேரு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை. இருபத்தொன்பது வருஷமா அதேதான். வேலை முடிஞ்சதும் மத்தவங்க கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. இவர் மட்டும் தனியா அதுக்குள்ள ஏறி, கீழேருந்து உச்சி மாடி வரைக்கும் மூணு தடவை போயிட்டு வருவார். அப்புறம்தான் அடுத்தவங்களை ஏத்த விடுவார். "ஏதாவது ஆச்சுன்னா நான் ஒருத்தன். பத்துப் பேர் உள்ள இருந்தா?" அப்படின்னு ஒரு தடவை எங்கிட்ட சொன்னார். இத்தனை வருஷத்துல அவர் சேர்ந்தாப்ல பேசின பேச்சு அதுதான்னு நெனக்கிறேன்.

வாய் செத்த மனுஷன். கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பாக்க வந்தப்போ அவங்க அம்மா, "ஏதாவது கேக்கணும்னா கேளுப்பா"ன்னாங்க. இவர் மேல பாத்துட்டு, "உங்க ஃபேன் ஏன் இப்படி ஆடுது?"ன்னு கேட்டார். கேட்டதோட விட்டாரா? ஸ்டூல் போட்டு ஏறி முடுக்கிட்டுத்தான் எறங்கினார். எங்கப்பா அசந்துபோயிட்டார், பொறுப்பான பிள்ளைன்னு. எனக்கு அப்பவே புத்தி வந்திருக்கணும்.

நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிடுவேன், அது வேற விஷயம். கோபம் எனக்கு மூக்கு நுனியில. வந்தா கொட்டிடுவேன், கொட்டினா தீந்துரும். இவருக்கு அப்படி இல்லை. உள்ளயே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். எங்களுக்கு ஒரே பொண்ணு. முகம் என்னோடது, மத்ததெல்லாம் அப்பனை உரிச்சு வெச்சிருக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவ எங்ககிட்ட சொல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. இவர்தான் கதவைத் தெறந்தார். "போ"ன்னு சொல்லலை. "வாங்க"ன்னும் சொல்லலை. கதவுப் பிடியைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நின்னார். அவங்களும் ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தாங்க. அப்புறம் திரும்பிப் போயிட்டாங்க. இதுதான் சண்டை. ஒரு பாத்திரம் உருளலை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ராத்திரி நான் கத்தின கத்துக்கு, "திடீர்னு வந்து நின்னா என்ன சொல்றதுன்னு தெரியலை"ன்னார். தெரியலையாம்! ஐம்பத்தாறு வயசு மனுஷனுக்கு!

குழந்தை பொறந்த பிறகுதான் அவ வர ஆரம்பிச்சா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, பக்கவாட்டு கேட் வழியா, நேரா வீட்டுக்குப் பின்னாடி இருக்கற திறந்த இடத்துக்கு. மாப்பிள்ளை தெருவுல காருக்குள்ளயே உக்காந்திருப்பார். "கூப்பிடாத வீட்டுக்குள்ள நான் எதுக்கும்மா வரணும்? குழந்தையை உனக்குக் காட்டணும், அதுக்குத்தான் வரேன்"னு முதல் நாளே சொல்லிட்டா. அங்க சிமெண்ட் தரை, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயற கொடி, இவ்வளவுதான். நான் டீயைப் போட்டு வெளியே எடுத்துக்கிட்டுப் போவேன். இவர் சமையலறை ஜன்னல் ஓரமா நின்னு ஒரு டம்ளரை அரைமணி நேரம் கழுவுவார். பேத்தியை அந்தக் கம்பி வழியாத்தான் பாத்தார், ஏழு மாசம்.

அப்புறம் குளிர் வந்துடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை குழந்தை மூக்கெல்லாம் செவந்துபோய் இருமிக்கிட்டே இருந்தா. பத்து நிமிஷம்கூட உக்காரலை. "இனிமே குளிர் போற வரைக்கும் வரலைம்மா. இவளை இந்தக் காத்துல வெச்சுக்கிட்டு உக்கார முடியாது"ன்னு எழுந்துட்டா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நாலு மாசம் ஆகும் குளிர் போறதுக்கு. அதுக்குள்ள குழந்தை நடக்க ஆரம்பிச்சிடும். நாலு மாசம் வராம பழகிட்டா அப்புறம் வரவே வேண்டாம்னு தோணிடாதா?

உள்ள வந்து இவர்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டார். மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், "வெளியே உக்கார்றதுக்கு அடுப்பு விக்கறாங்களாம். கடைக்குப் போயிட்டு வரலாம் வா"ன்னார்.

எனக்கு அழறதா சிரிக்கறதான்னு புரியலை. "ஏங்க, 'உள்ள வா'ன்னு சொன்னா தீந்துபோச்சு. அதுக்குப் போயி அடுப்பு வாங்குவாங்களா?"ன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கிட்டு வெளியே நின்னார். நானும் போனேன். வேற என்ன பண்றது?

கடைக்காரர் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். வரிசையா நிறுத்தி வெச்சிருந்தார். சிமினியான்னு பேராம். வயிறு பெருத்த அடுப்பு, முன்னாடி விறகு போட ஒரு வாய், மேல நீளமா ஒரு கழுத்து. புகை மூஞ்சியில அடிக்காம அந்தக் கழுத்து வழியா மேல போயிடும், சூடு மட்டும் வாய் வழியா நம்ம பக்கம் வரும்னார். வார்ப்பிரும்புல ஒண்ணு, தகட்டுல ஒண்ணு, சுட்ட மண்ணுல ஒண்ணு. "இரும்பு வாங்கிட்டீங்கன்னா ஆயுசுக்கும் கிடக்கும். கொஞ்சம் துரு பிடிக்கும், அவ்வளவுதான். ஆனா எரியறப்போ யாரும் மேல கை வெச்சுடக் கூடாது"ன்னார்.

இவர் கேட்டது ஒரே கேள்வி. "குழந்தை தொட்டா?"

"இரும்புன்னா தோல் உரிஞ்சுடும் சார். மண்ணுன்னா வெளிப்பக்கம் அந்த அளவுக்குக் காயாது. அதுக்காகத் தொட விட்டுடாதீங்க. ஆனா மண்ணு பூஞ்சை, சட்டுன்னு விரிசல் விட்டுடும், பக்குவமா வெச்சுக்கணும்."

ஒரே நாள்ல முடிவு பண்ணுவாரா இவர்? மூணு நாள் போனோம். ஒவ்வொரு நாளும் அந்த மண் அடுப்பை விரல் மடக்கித் தட்டித் தட்டிக் காது வெச்சுக் கேட்டார். டேப்பால வயித்தைச் சுத்தி அளந்தார். எட்டு மாசக் கர்ப்பிணியை டாக்டர் பாக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு மானம் போச்சு. மூணாவது நாள் கடைக்காரர் என்னென்ன பண்ணணும், என்னென்ன பண்ணக் கூடாதுன்னு இவருக்கு விளக்கிக்கிட்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. பூந்தொட்டி பாக்கப் போயிட்டேன். அந்தப் பத்து நிமிஷம் நானும் நின்னு கேட்டிருக்கணும்.

புதன்கிழமை அது வீட்டுக்கு வந்துச்சு. சுவர்லேருந்து நாலடி தள்ளி இடம் குறிச்சு, துணிக்கொடியை அவுத்து, இரும்பு முக்காலி மேல அதை நிறுத்தினார். விறகுக்கு அடியில பரப்ப ஒரு மூட்டை மணலும் வாங்கி வெச்சார். நான் பொண்ணுக்கு போன் பண்ணி, "உங்கப்பா உங்களுக்காக அடுப்பு வாங்கியிருக்கார். குழந்தைக்குக் குளிராது, இந்த வாரம் வா"ன்னேன். குழந்தைக்கு இருமல் இன்னும் விடலைன்னா. அப்புறம், "பாக்கறேன்"னா.

வியாழக்கிழமை விடியகாலம் இவருக்கு போன் வந்துச்சு. பக்கத்து டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு லிஃப்டும் நின்னுபோச்சு, நோயாளிகளை மாடிப்படியில தூக்கிக்கிட்டு ஏறறாங்கன்னு. கிளம்பிட்டார். கிளம்பறப்போ, "அடுப்பை நான் வந்து பாத்துக்கறேன்"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அதுல என்ன புரியும் ஒருத்திக்கு?

நான் அடுப்பைப் பாத்தேன். மண்ணுல செஞ்சது. புதுசு. புது மண்சட்டி வாங்கினா என்ன பண்ணுவோம்? தண்ணியில ஊறப் போடுவோம். ரெண்டு நாள் ஊறினாத்தான் அடுப்புல வெச்சா விரியாது. இது எங்கம்மா சொல்லி, அவங்கம்மா சொல்லி, நானே நூறு சட்டி பழக்கியிருக்கேன். பாவம், மனுஷன் வேலையில கிடக்கறார், நம்மாலான உதவி பண்ணுவோம்னு ஹோஸ் பைப்பை எடுத்து வயித்துல வாய் வரைக்கும் தண்ணி ரொப்பினேன். வெளியே சாக்கு சுத்தி, காய விடாம நனைச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டு முழு நாள். சனிக்கிழமை மத்தியானம் தண்ணியை மொண்டு கொட்டிட்டு, துடைச்சு, வெயில்ல விட்டேன். வெளியே பாத்தா நல்லா காஞ்சிருந்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத்தான் வந்தார். கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு. சாப்பிடக்கூட இல்லை, நேரா பின்னாடி போயி அடுப்புக்குள்ள கையை விட்டார். உள்ள தடவினார். விரலைப் பாத்தார். மறுபடியும் தடவினார். நான் ஜன்னல்லேருந்து, "எல்லாம் ரெடியா இருக்கு, மணலைப் போடுங்க"ன்னு கத்தினேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தார். அந்த நேரம் பாத்து கேட் சத்தம் கேட்டுச்சு. முக்கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டா.

குழந்தையை ரெண்டு சால்வையில சுத்தியிருந்தா. அப்பாவைப் பாத்ததும் கால் நின்னுபோச்சு. எப்பவும் இவர் ஜன்னலுக்குப் பின்னாடி இருக்கற ஆளு, இன்னைக்கு வெட்டவெளியில நிக்கறார். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாக்காம வேற எதையோ பாத்தாங்க. அவ நாற்காலியில உக்காந்தா. குழந்தை இருமுச்சு. இவர் மணலைக் கொட்டினார், சுள்ளியை அடுக்கினார், பத்தவெச்சார்.

எரிஞ்சுச்சுங்க. எவ்வளவு அழகா எரிஞ்சுச்சு! புகை நேரா கழுத்து வழியா மேல போச்சு. கொஞ்ச நேரத்துல அந்த இடமே கதகதன்னு ஆயிடுச்சு. எங்க பொண்ணு குழந்தையோட ஒரு சால்வையை எடுத்தா. அப்புறம் காலுறையைக் கழட்டினா. குழந்தை அந்த வெளிச்சத்தைப் பாத்துச் சிரிச்சுது. பொண்ணு முதல் தடவையா அந்த நாற்காலியில முதுகைச் சாய்ச்சு உக்காந்தா. இவர் உள்ள போகலை. அடுப்புக்கும் அவங்களுக்கும் நடுவுல, கொஞ்சம் ஓரமா நின்னுக்கிட்டே இருந்தார். சரி, மனசு எறங்கிட்டார், இன்னைக்குப் பேசிடுவார்னு நெனச்சேன்.

அவ நெருப்பைப் பாத்துக்கிட்டே, "நல்லா இருக்கு"ன்னா. யார்கிட்டன்னு இல்லாம சொன்னா.

"விறகு காஞ்சது"ன்னார் இவர்.

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பனும் பொண்ணும் பேசிக்கிட்டது இதுதான். நான் டீ எடுத்துக்கிட்டு வரலாம்னு திரும்பினேன்.

டமார்னு ஒரு சத்தம். அடுப்போட வயித்துல ஒரு பக்கம் அப்படியே பேந்து வந்துடுச்சு. தணலெல்லாம் தரையில உருண்டுச்சு. இவர் ஒரே எட்டுல குழந்தையை அவ மடியிலேருந்து வாரி எடுத்து, தன் முதுகை நெருப்புப் பக்கம் காட்டிக் குனிஞ்சு நின்னார். குழந்தை வீல்னு அலறுச்சு. நான் பக்கெட் தண்ணியை ஊத்தினேன். உஸ்ஸுன்னு ஆவி கிளம்புச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அவர் முழங்கையில மட்டும் உடைஞ்ச ஓடு ஒண்ணு கிழிச்சிருந்துச்சு.

பேத்தியை அவர் தூக்கினது அதுதான் முதல் தடவை. அழற குழந்தையை எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியாம நின்னார். சமையலறைக் கதவு பின்னாடி திறந்தே கிடந்துச்சு, உள்ள விளக்கு எரிஞ்சுச்சு. அவ எதிர்ல நின்னா. இவர் வாயைத் தெறந்தார். "அடி படலையே?"ன்னார்.

"இல்லை"ன்னு கையை நீட்டினா. குழந்தையைக் குடுத்தார். அவ காலுறையைப் பொறுக்கிக்கிட்டு, "அம்மா, நான் கிளம்பறேன். குளிர் போகட்டும், அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டா. கார் கிளம்பற சத்தம் கேட்டுச்சு.

மூணு நாள் நான் சொல்லலை. இவர் உடைஞ்ச ஓடுகளையெல்லாம் பொறுக்கி ஒரு அட்டைப்பெட்டியில போட்டு ஓரமா வெச்சார். கடைக்காரரைத் திட்டலை, யாரையும் ஒண்ணும் சொல்லலை. நாலாவது நாள் எனக்கே தாங்கலை. கைக்கட்டைப் பிரிச்சு மருந்து போடறப்போ, "நான்தாங்க அதை ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட்டேன்"னு சொல்லிட்டேன்.

"தெரியும்"னார். "உள்ள தொட்டப்போ சில்லுன்னு இருந்துச்சு. கனமான மண்ணு, காய ஒரு வாரமாவது ஆகும். அந்த ஈரம்தான் ஆவியாகி வெடிச்சிருக்கு."

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ கோபம்! "தெரிஞ்சேவா பத்தவெச்சீங்க? அடப்பாவி மனுஷா! யாருமில்லாத லிஃப்டை மூணு தடவை ஓட்டிப் பாக்கற ஆளு, சொந்தப் பேத்தி பக்கத்துல உக்காந்திருக்கறப்போ…"

"புகையும், அவ்வளவுதான்னு நெனச்சேன். அதான் பக்கத்துலயே நின்னேன். பத்தவெக்கலைன்னா எழுந்து போயிருப்பா."

"ஏன் போறா? 'அடுப்பு ஈரமா இருக்கு, உள்ள வாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏன் போறா? ரெண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தானே அந்தப் பொண்ணு வெளியே உக்காந்திருக்கு?"

அவர் கைக்கட்டோட நுனியை எடுத்துத் தானே முடிச்சுப் போட்டார். கோபமெல்லாம் இல்லை. தெரியாததைக் கேக்கற மாதிரிதான் கேட்டார்.

"எனக்கு வரலை. நீ ஏன் கூப்பிடலை?"

நான் மருந்து டப்பாவை மூடினேன். அவ கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த அன்னைக்கு வாசல்ல இவர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்போ, ரெண்டடி பின்னாடி நான் நின்னுக்கிட்டிருந்தேன். அவ இவரைப் பாத்துட்டு என்னையும் பாத்தா. நானும் 'வா'ன்னு சொல்லலை.