ஹேண்டிலுக்குள் ஊற்றிய ஈயம்

என் எழுத்து மேசையில் விரல் நீளத்துக்கு ஓர் ஈயக்கட்டி இருக்கிறது. உருளை வடிவம், ஒரு முனை வழவழப்பு, மறுமுனையில் ரம்பம் அறுத்த கோடுகள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் அது என் அத்தானுடைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலுக்குள் இருந்தது.

அத்தான், என் அக்காவின் கணவர், மலாயாவில் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர். டாக்டர்கள் இல்லாமல் போன அந்த நாளில் சுற்றியிருந்த நான்கு தோட்டங்களுக்கும் அவர் ஒருவர்தான் வைத்தியம். அதனால்தான் ஜப்பான்காரர்கள் அந்தச் சின்ன வண்டியைப் பிடுங்காமல், ஒரு முத்திரைச் சீட்டோடு விட்டுவைத்தார்கள். பெட்ரோல் கிடையாது, ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓடியது. டியூப் கிடையாது; டயருக்குள் ஒட்டுப்பாலை, காய்ந்த ரப்பர் பாலை, அடைத்திருந்தோம். கல்லில் ஏறினால் அந்த இடி நேராக முதுகெலும்புக்குப் போகும். இன்ஜினின் நடுக்கம் ஹேண்டில் வழியாகக் கைக்கு வரும். தூரத்தில் சத்தம் கேட்டாலே அக்கா, "வாராரு லா, மாவு மில்லு" என்பாள். வந்து இறங்கியதும் அவர் சட்டைப் பொத்தானை அவள்தான் கழற்றிவிட வேண்டும். பத்து மைல் ஓட்டினால் அவர் விரல்கள் அரை மணி நேரம் மரத்துக் கிடக்கும்.

அதை நாங்கள் வேடிக்கையாகப் பேசியது ஒரு மத்தியானத்தோடு முடிந்தது. மரவள்ளி நடக் காடு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பாராங் கத்தி தொடையில் இறங்கிவிட்டது. நான் துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தேன். அத்தான் பதினோரு மைல் விரட்டிக்கொண்டு வந்தார். ஊசி மூன்று முறை அவர் விரலிலிருந்து நழுவியது. வெந்நீரில் கையை விட்டார், தொடையில் அடித்துக்கொண்டார், மறுபடியும் ஊசியை எடுத்தார். விரலுக்கு உணர்வு வந்தபோது அவளுக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் வண்டியைப் பிரித்துப் போட்டார். தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ரப்பர். விற்க வழியில்லாமல் ஷீட்டுகள் ஸ்டோரில் கூரை வரை அடுக்கியிருந்தன. இருக்கைக்கு அடியில் மடித்து வைத்தோம். இன்ஜின் போல்ட்டுகளுக்குக் கீழே வட்டமாக வெட்டிப் போட்டோம். ஹேண்டிலில் வாழைத்தண்டு கனத்துக்குச் சுற்றினோம். முதுகுவலி குறைந்தது. கை முன்னைவிடச் சீக்கிரம் மரத்தது. பிடி தடிமனானதால் அவர் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் சுற்றினோம், அவிழ்த்தோம்.

"போதும் அத்தான், நடந்தே போலாம்" என்றேன்.

"நடந்து போனா கை நல்லா இருக்கும் மச்சான். ஆளு இருக்காது."

பிறகு ஒருநாள் ஈப்போ பக்கத்துச் சிலிபினிலிருந்து, ஹேண்டிலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மரவள்ளி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். இறங்கி, மூட்டையை அவிழ்த்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னாங்க, முடிச்ச நீங்களே அவுக்கிறீங்க?"

அவர் தன் விரல்களைப் பார்த்தார். மூட்டைகளை மறுபடி கட்டிக்கொண்டு பத்து மைல் போய்த் திரும்பினார், முடிச்சு அவிழ்ந்தது. மறுநாள் மூட்டையில்லாமல் அதே தூரம், அவிழவில்லை. அடுத்த நாள் திரும்பவும் மூட்டையோடு. டிரஸ்ஸருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. ஹேண்டிலுக்கு மெத்தை வேண்டியதில்லை, முனையில் நடுக்கத்தை அடக்கும் கனம் வேண்டும்.

மூட்டையைத் தொங்கவிட்டு எப்போதும் ஓட்ட முடியாது, வளைவில் ஆடும். கனம் குழாய்க்குள் போக வேண்டும். குனோங் ராபாட் மலையடியில், நின்றுபோன சுரங்கத்தில் ஈய மணல் அலசிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்ணின் கால் புண்ணுக்கு அவர் கட்டுப் போட்டு வந்தார். கேட்டதும் அவள் இரண்டு கட்டி ஈயம் கொடுத்தாள். ஹேண்டிலைக் கழற்றி, குழாயின் உள்ளே களிமண் அடைத்து, உருக்கி ஊற்றினோம். உள்ளே மழைத்தண்ணீர் தங்கியிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. ஈயம் சீறித் தெறித்து அவர் புருவம் ஒன்று கருகியது.

"கையில படலல்ல, ஊத்து" என்றார். குழாயை நெருப்பில் காயவைத்துத்தான் மறுபடி ஊற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து என் முறை வந்தது. பாராங் வழுக்கி வலது கட்டைவிரலின் அடியில் எலும்பு தெரியும்வரை இறங்கியது. ஒன்பது மைல் தள்ளியிருந்தவருக்கு ஆள் போனது. மாவு மில்லின் சத்தம் கேட்டதுமே அக்கா அவர் விரலுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீரோடு வாசலில் நின்றாள். அவர் அதில் கையைக் கழுவிக்கொண்டார், அவ்வளவுதான். ஊசிக் காதில் நூலைத் தானே கோர்த்தார், முதல் தடவையிலேயே.

"அழுவுறதுன்னா இப்பவே அழுதுடு மச்சான். தைக்கும்போது ஆடக்கூடாது."

வேகவைத்த வெள்ளை நூலில் பதினோரு தையல். பிறகு முப்பது வருடம் பத்திரிகைக்கு எழுதிய கை அது.

போருக்குப் பிறகு வண்டி உடைசலாகப் போனது. ஹேண்டிலை மட்டும் நான் வாங்கி, முனையை அறுத்து எடுத்துக்கொண்டேன். இன்று என் பேரன் வேலைக்குப் போகும் சிறிய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் முனைகளில் கம்பெனிக்காரனே இரண்டு இரும்புக் குண்டுகளை மாட்டி அனுப்புகிறான். போன மாதம் அவன் அவற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இது சும்மா அலங்காரம் லா தாத்தா."

ஈயக்கட்டியை அவன் உள்ளங்கையில் வைத்து, தொடையில் வெட்டுப்பட்டு இறந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவன் கட்டியைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தான். பிறகு அதை என் தாள்களின் மேல் வைத்துவிட்டு, கழற்றிய குண்டையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனான்.