ஜன்னல் வழியே வந்த காலி பாட்டில்கள்

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் லேப்பில் இளவேனிலுக்கு அது இரண்டாவது வருடம். வார்டில் எடுத்த ரத்தத்தைப் பெரும்பாலும் பெற்றோரே பாட்டிலோடு ஜன்னலுக்குக் கொண்டுவருவார்கள். அதை வாங்கி மெஷினில் வைக்க வேண்டும். கிருமி வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் இஸ்திரி போடும் கோவிந்தராஜனின் மகள் அவள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அன்று சீதாலட்சுமி என்ற பெண் ரத்த பாட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் கவரையும் ஜன்னலுக்குள் தள்ளினாள். அவள் ஊர் அத்திபெலேயைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் கிராமம். அவளுடைய மூன்று வயது மகள் வீணா, ஒன்பது நாள் காய்ச்சலோடு ஐ.சி.யு.வில் கிடந்தாள்.

"இதையும் டெஸ்ட் பண்ணிடுங்க மேடம்."

உள்ளே நான்கு காலி சிரப் பாட்டில்கள், ஓர் ஊசி மருந்துக் குப்பி.

"இங்க ரத்தம் மட்டும்தாம்மா. இதெல்லாம் எதுக்கு?"

"எங்கூரு மெடிக்கல்ல காலி பாட்டில் காட்டினாத்தான் அடுத்த மருந்து குடுப்பாங்க. இங்கயும் கேப்பீங்கன்னு எங்க வீட்டுக்காரர பஸ்ல எடுத்தாறச் சொன்னேன்."

இளவேனில் கவரைத் திருப்பித் தள்ளக் கை வைத்தாள். 'இப்படிக் கண்டதையும் ஊற்றித்தானே குழந்தை இந்தக் கதிக்கு வந்தது' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கண் லேபிளில் விழுந்தது. பாட்டில்களில் இரண்டு வேறு வேறு கம்பெனி, வேறு வேறு பெயர். உள்ளே இருந்தது ஒரே மருந்து. குப்பியில் இருந்ததும் அதே வகைதான், கொஞ்சம் வீரியம் கூடியது. மருந்து மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம் என்று இந்த அம்மா நம்பியிருக்கிறாள். கிருமியோ அதையே தின்று பழகியிருக்கும்.

தனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அப்பாவும் இப்படித்தானே மெடிக்கலில் வாங்கி வந்து ஊற்றினார்? தனக்கு ஒன்றும் ஆகாமல் போனது வெறும் அதிர்ஷ்டம்தானே? திட்ட வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, எல்லா மருந்துப் பெயர்களையும் வீணாவின் ரத்த டெஸ்ட் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். வார்டுக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

மறுநாள் காலை மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. வீணாவின் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருந்தது.

கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே டிஸ்க் என்னும் மருந்து வில்லைகளை வைப்பார்கள்; எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ, அந்த மருந்து வேலை செய்யும். அந்த லேப்பில் ஒரு வழக்கம். முதல் தட்டில் சாதாரண மருந்துகள் ஆறு. ஆறும் தோற்றால்தான், அடுத்த நாள், பெரிய மருந்துகளோடு இரண்டாவது தட்டு. மருந்து வில்லைகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இளவேனில் இரண்டு தட்டையும் சேர்த்தே எடுத்தாள்.

"ஏனம்மா இளவேனில்," என்றார் சீனியர் நாகேஷ், "டிஸ்க்கெல்லாம் உன் தாய் வீட்டுச் சீரா? ரெண்டாவது தட்டு நாளைக்குத்தானே?"

"நாளைக்கு அந்தப் பாப்பா இருக்கணுமே சார்."

சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். நாகேஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"அய்யோ தேவரே..." என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். "சரி, போடு போடு. யாராவது கேட்டா என் பேரச் சொல்லு."

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்து செய்தோமா, பரிதாபப்பட்டுச் செய்தோமா? ஜன்னலுக்கு வருகிற எல்லாருமே தங்கள் குழந்தைக்காகத்தானே வருகிறார்கள்? எல்லாருக்கும் இரண்டு தட்டு போட முடியுமா?

காலையில் முதல் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஆறு வில்லைகளையும் ஒட்டிக்கொண்டு கிருமி பாசி போலப் படர்ந்திருந்தது. இரண்டாவது தட்டில், மெரோபெனம் என்ற ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமியில்லாத சுத்தமான வட்டம். ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அளந்தாள். பிறகு வார்டுக்குப் போன்.

"மெரோபெனம் கேட்குது. திருப்பிச் சொல்லுங்க சிஸ்டர்."

"மெரோபெனம் கேட்குது," என்றார் பிரிஜெட் சிஸ்டர். "டாக்டர் பக்கத்துலயே நிக்கிறாரு. இன்னும் ஒரு நாளெல்லாம் இந்தக் குழந்தை தாங்காது கண்ணு. இப்பவே ஏத்திடறோம்."

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மறுபடி எடுத்த ரத்தத்தில் கிருமி வளரவில்லை. வீட்டுக்குப் போகும் அன்று சீதாலட்சுமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். வீணா பிஸ்கட்டைக் கடித்தபடி இளவேனிலை முறைத்தாள்.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம்."

"நீங்க அதக் கொண்டுவரலன்னா ஒரு நாள் தாமதமாயிருக்கும்மா. நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

"சும்மா சொல்லாதீங்க. நான் என்ன படிச்சவளா?"

"படிச்ச நான் அதத் திருப்பித் தள்ளப் பாத்தேனே."

சீதாலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இனிமே காய்ச்சல் வந்தா என்ன பண்றது?"

இளவேனில் ஒரு தாளில் எந்தெந்த மருந்து கேட்கவில்லை, எது கேட்டது என்று எழுதி நீட்டினாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க. மெடிக்கல்ல காட்டாதீங்க."

சீதாலட்சுமி அதை நான்காய் மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு, அத்திபெலே பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தாள். வழி மட்டும் சொன்னால் தடுமாறுவாள் என்று தோன்றியது. இளவேனில் நாகேஷிடம் சொல்லிவிட்டு, ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து போனாள்.