கையால் எழுதிய ‘வடகரைக்கு’

எங்கள் ஊர் மீன்பிடிச் சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது. பல்கலைக்கழக விடுமுறையில் என் மகள் செய்து தந்தது. அவள் திரும்பிப் போனபின் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன்.

அடிக்கடி மாறும் விடயங்களை அவள் ஒரே பட்டியலில் வைத்திருந்தாள்: செயலாளரின் தொலைபேசி இலக்கம், ஐஸ் கிடைக்கும் நேரம், படகுகள் இப்போது ஒதுங்கும் வாடி, அதாவது கரையில் கொட்டில் போட்டிருக்கும் இடம். பக்கங்களில் சதுர அடைப்புக்குள் [வாடி] என்று பெயர் மட்டும் எழுதியிருக்கும். பார்ப்பவருக்குப் பட்டியலில் உள்ள பெறுமதி தெரியும். ஷோட்கோட் என்றாள். பட்டியலில் ஒரு தடவை மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும்.

எங்கள் வாடி மாறுகிற வாடி. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் தென்கடல் குழம்பும். படகுகள் தீவின் வடகரைக்குப் போய்விடும். வாடைக்காற்றுத் தொடங்கினால் கொட்டில், வலை, ஐஸ்பெட்டி எல்லாம் தென்கரைக்கு வரும். எந்த வாடி என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. என் மச்சான், மனைவியின் தம்பி, படகுக்காரன். “காத்து மாறினா எங்களுக்கு மூக்குச் சொல்லும். வாத்தியாருக்குக் கொம்பியூட்டர் சொல்லவேணும்” என்று பகிடி பண்ணுவான்.

அவசர உதவிப் பக்கத்தில் “வாகனத்துடன் [வாடி]க்கு வாருங்கள்” என்று மகள் எழுதியிருந்தாள். திரையில் அது “வடகரை க்கு” என்று வந்தது. சொல் ஓரிடத்தில், வேற்றுமை உருபு ஓரிடத்தில். பிள்ளைகளின் கொப்பிகளில் நான் சிவப்புப் பேனாவால் சுழிக்கிற பிழை. அவளிடம் கேட்டிருக்கலாம். பரீட்சை நேரம், குழப்பவேண்டாம் என்று நினைத்தேன். அடைப்பை அழித்துவிட்டு “வடகரைக்கு” என்று கையால் எழுதினேன். வசனம் ஒழுங்காக இருந்தது.

வாடை தொடங்கியபோது பட்டியலில் தென்கரை என்று மாற்றினேன். ஒன்றிரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்தேன். மாறியிருந்தன. மற்றவற்றைப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமை மகள் வந்திருந்தாள். படிப்புக்காகக் கடற்புல் எண்ணவேண்டும் என்று மாமாவின் படகில் போனாள். ஆழமில்லாத இடத்தில் இறங்கித் திருக்கை மீனை மிதித்துவிட்டாள். அதன் வால்முள் குதிக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. மச்சான் எனக்குப் போன் எடுத்தபோது நான் மன்னார் நகரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். லைன் வெட்டி வெட்டி வந்தது. ரத்தம் நிற்கவில்லை, கரைக்கு வருகிறோம், வாடிக்கு ஒரு வான் வண்டி அனுப்பு என்றான்.

அம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. எனக்குத் தெரிந்த வான்காரர் ஒருவரைப் பிடித்தேன். உயிலங்குளத்துக்காரர். வயல் ஊர் மனிதருக்கு எங்கள் காற்றுகள் தெரியாது. எந்த இடம் என்று கேட்டார். வாயால் சொல்லியிருக்கலாம். எல்லாம் எழுதிக் கிடக்கு என்று அவசர உதவிப் பக்கத்தை அவருடைய போனுக்கு அனுப்பினேன். அனுப்பும்போது, இதையெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறேனே என்று சிறிய திருப்தி ஒன்றும் இருந்தது.

பிறகு அவர் போன் எடுத்தார்.

“சேர், கரையில ஒருத்தருமில்லை. நாலு கழுதைதான் நிக்குது.”

நான் கையால் எழுதியிருந்த வடகரைக்கே அவர் போயிருந்தார். அங்கிருந்து மணல் ரோட்டால் திரும்பி, ரயில் பாதையைக் கடந்து, மற்றக் கரைக்கு வரவேண்டும். அவர் போய்ச் சேர்ந்தபோது மச்சான் அவளை முதுகில் சுமந்து பாதித் தூரம் நடந்து வந்திருந்தான்.

மூன்று தடவை சத்திரசிகிச்சை செய்தார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று ஒரு வைத்தியர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். கால் இருக்கிறது. ஊன்றி நடப்பாளா என்பதை இன்னும் சொல்லமுடியாதாம்.

நான் சாப்பிடுகிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளைகள் புணர்ச்சி விதி கேட்டால் சொல்கிறேன். மச்சான் இப்போது பகிடி பண்ணுவதில்லை. வான் பிந்திவிட்டது என்றுதான் மகள் நினைத்திருந்தாள். ஐந்து கிழமை நான் அந்த நினைப்பைத் திருத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பூசைக்குப் போயிருந்தபோது, அடைப்பை அழித்துக் கையால் எழுதியதைச் சொன்னேன். மகள் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“வேற எங்கயெல்லாம் கையால எழுதினனீங்கள்?”

“தெரியாது பிள்ளை.”

“கொம்பியூட்டரைக் கொண்டுவாங்கோ.”

கட்டிலில் சாய்ந்திருந்து தேடினாள். முதலில் பட்டியலைத் திறந்தாள். கரையின் பெயருக்குப் பின்னால் தவறுதலாகத் தட்டிய ஒரு வெற்றிடம் கிடந்தது. அதனால்தான் உருபு பிரிந்து வந்திருக்கிறது. ஒரு தட்டில் அழித்தாள். பிறகு நான் கையால் எழுதியவற்றைத் தேடினாள். அவசரப் பக்கத்தைத் தவிர இன்னும் ஐந்து இடம். இரண்டை வாடைக் காலத்தில் எழுதியிருந்ததால் தென்கரை என்று தற்செயலாகச் சரியாக இருந்தது. அவற்றையும் அழிக்கச் சொல்லிக் கணினியை என் மடியில் வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் அழித்து, அடைப்பைப் போட்டேன்.

நாலாவதில் என் கை நின்றுவிட்டது.

“அழுறதெண்டா பிறகு அழுங்கோ அப்பா. முதல்ல அதை சேவ் பண்ணுங்கோ.”

நான் அழவில்லை என்றேன். உண்மையிலேயே அழவில்லை. சேவ் பண்ணினேன். அவள் அடுத்ததைச் சொன்னாள்.