ரோமக் கோயிலில் ஒரு பிடி மண்

இந்த ஊரில் மதியம் பன்னிரண்டரை மணிக்கு மேல் ஒரு குண்டூசி வாங்க முடியாது. கடைகளின் ஷட்டர்கள் வரிசையாக இறங்கிவிடும். மருந்துக்கடைக்காரர்கூட நம் தலைவலியைச் சாயங்காலம் வரை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். வட இத்தாலியில், ப்ரெஷா நகருக்குப் பக்கத்தில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகளை நம்பிப் பிழைக்கும் சிற்றூர் இது. கும்மிடிப்பூண்டியில் இதே கம்பியை இதே சூட்டில் உருட்டிக்கொண்டிருந்தவன் நான். விமானம் ஏறி வந்து அதையே செய்கிறேன், கோட்டு மாட்டிக்கொண்டு. வந்த புதிதில் அந்த மதிய அமைதியைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் காலமாகிவிட்டார் போலும் என்று நானும் ஒரு வாரம் அடக்கமாக நடந்துகொண்டேன்.

ஆனால் கோயிலையும் சாப்பாட்டுக்குப் பூட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும், நம் ஊரில் உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்துவதில்லையா? ரோமானியர் காலத்துக் கோயில் அது. இரும்புக் கிராதிக்குள் நான்கு தூண்கள், பாதிப் படிக்கட்டு, அதற்கு முன்னால் ஒரு பலிபீடம். கூரை இல்லை, சாமியும் இல்லை. டிக்கெட் மட்டும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத் தூண் நிழலில் உட்கார்ந்து, பெரிய படிப்பாளி மாதிரி, அறிவிப்புப் பலகையின் சொற்களை அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் சங்கிலிச் சத்தம். ஓடிப் பார்த்தால் காவல்கார அம்மாள் தெருமுனையில் போய்க்கொண்டிருக்கிறாள். "சிஞ்ஞோரா!" என்று கத்தினேன். யாரோ வணக்கம் சொல்கிறார்கள் என்று எண்ணியவளாய், திரும்பிப் பார்க்காமலேயே கையை உயர்த்தி ஆட்டிவிட்டுத் திருப்பத்தில் மறைந்தாள்.

அடைபட்டுக் கிடப்பது எனக்குப் புதிதல்ல. 'பெர்மெஸ்ஸோ' என்னும் தங்குமிட அனுமதி புதுப்பிப்பில் கிடக்கிறது. "ஊருக்குப் போகலாம் என்கிறது சட்டம், போனால் திரும்பி வருவது உன் சாமர்த்தியம்" என்கிறார் வக்கீல். என் சாமர்த்தியத்தை எனக்குத் தெரியுமாதலால் இங்கேயே இருக்கிறேன். அன்றைக்கு நான் இருந்திருக்க வேண்டிய இடம் கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகைப் பக்கம். எங்கள் எல்லையம்மன் இடம் மாறும் நாள் அது. வீட்டில் உட்காரப் பிடிக்காமல், ஏதாவது ஒரு கோயிலிலாவது இருப்போம் என்றுதான் இங்கே வந்திருந்தேன்.

எல்லையம்மன் என்றால் ஒரு வேப்பமரமும் மூன்று கற்களும்தான். ஊர் எல்லையில் இருந்தவளைச் சுற்றித் தொழிற்சாலை வந்து, அவள் மதில் சுவருக்கு உள்ளே போய்விட்டாள். ஆடி மாதம் ஒருநாள் கேட் பாஸ் கொடுப்பார்கள். தலையில் ஹெல்மெட், கழுத்தில் 'விசிட்டர்' அட்டை. சொந்தக் குலதெய்வத்துக்கு விசிட்டராகிப் பழகியதால்தான் இத்தாலியில் எனக்கு அவ்வளவாகக் கூச்சம் வரவில்லையோ என்னவோ. சேவல் உள்ளே போகலாம், கத்தி போகக்கூடாது, பாதுகாப்பு விதி. அதனால் பலி கொடுக்கக் கொண்டுபோன சேவல் சாமி தரிசனம் செய்துவிட்டு உயிரோடு திரும்பி வரும். பிறகு கேட்டுக்கு வெளியே, பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால், மற்றது நடக்கும். இப்போது வளாகத்தை விரிவாக்குகிறார்கள். ஞாயிறு மாலைக்குள் அம்மனை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பொன்னேரிப் பக்கம் புது இடம் தயார். பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப்போய் அங்கே வைத்தால்தான் அவள் கூட வருவாள். அதை அள்ள வேண்டியது குடும்பத்தின் மூத்த மகன். அதாவது நான்.

போன் அடித்தது. வீடியோவில் தம்பி சேகர்.

"இன்னாண்ணா, கம்பிக்குப் பின்னாடி நின்னுக்கினு கீற? உள்ள வச்சிட்டாங்களா?"

"கோயில்ல வச்சிப் பூட்டிட்டாங்கடா. சாப்பிடப் போயிருக்காங்க."

"யாரு, சாமியா?"

"காவக்காரம்மா."

பூசாரியான எங்கள் சித்தப்பா போனைப் பிடுங்கினார். மஞ்சள் ஹெல்மெட்டும் நெற்றி நிறைய விபூதியும். "டேய் பெரியவனே, மூத்தவன் கை படாம கெளம்ப மாட்டேன்றாடா. கல்லு மேல பூ வச்சி உத்தரவு கேட்டுட்டேன், வுழுவல. நாலரைக்கு ராவுகாலம் வேற. பேஜாரா கீது."

"சேகர அள்ளச் சொல்லுங்க சித்தப்பா."

"அவன் சின்னவன்டா. நீ இப்ப நிக்கிறது கோயிலா இல்லியா?"

"கோயில்தான். ரெண்டாயிரம் வருசத்துது. சாமிதான் இல்ல."

"சாமி போனா இன்னா, மண்ணு எங்க போவும்? அங்க ஒரு பிடி அள்ளு. நான் உன் பேர சொல்லி இங்க அள்றேன். நீ வர்றப்ப அத்தக் கொண்டாந்து இத்தோட கலந்துடு. அதுவரைக்கும் பாதி வழியில நிப்பா, இன்னா பண்றது."

பக்கத்தில் செக்யூரிட்டியின் குரல்: "பெரியவரே, ஹெல்மெட்ட கழட்டாத!"

பலிபீடத்தின் அடியில் மண்டியிட்டு, புல்வேரோடு ஒரு பிடி அள்ளித் திரையில் காட்டினேன். சித்தப்பாவின் முஷ்டியும் என் முஷ்டியும் அருகருகே. "வுழுந்திச்சு! பூ வுழுந்திச்சு!" என்று சேகர் கத்தினான். ஐம்பதை நெருங்கும் பகுத்தறிவுவாதியான நான் முஷ்டியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். போன் அணைந்தது.

வெகுநேரம் கழித்துக் காவல்கார அம்மாள் காபி வாசனையோடு வந்தாள். என்னைக் கண்டு திடுக்கிட்டு, மன்னிப்புக் கேட்டு, பிறகு மூடிய கையைப் பார்த்தாள். திறக்கச் சொன்னாள். பழங்காசு எதுவும் இருக்கிறதா என்று விரலால் கிளறினாள். "நோன் சி புவோ" என்றாள்: கூடாது. இந்த நாட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். இங்கிருந்து ஒரு கல், ஒரு பிடி மண்கூட வெளியே போகக்கூடாதாம். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் விளக்கினேன்: என் தெய்வம், ஒரு பெண், இன்று வீட்டை விட்டுப் போகிறாள், நான் கூட இல்லை. அவள் கண்கள் கலங்கிவிட்டன. என் தோளைத் தட்டி, "இன்னொருத்தி கிடைப்பாள்" என்றாள். இரக்கம் வேறு, மண் வேறு. எடுத்த இடத்திலேயே போடும்வரை பக்கத்தில் நின்றாள்.

"மண்ணு பத்திரமா கீதாண்ணா?" என்று சேகர் அன்று மாலையே கேட்டான். கிராதி, காமிரா, காவல் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். பொய்யில்லை. பொன்னேரியில் இரண்டு கற்களை நட்டுவிட்டார்கள். நடுவில் நிற்க வேண்டிய மூன்றாவது கல் மட்டும் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு என் பிடிமண்ணுக்காகப் படுத்திருக்கிறது.

நான் இப்போது ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தப் பீடத்தடியில் போய் உட்காருகிறேன். பன்னிரண்டரை ஆனதும் அந்த அம்மாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறேன். ஒன்றுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, என்னை வெளியே விட்டுவிட்டு, அம்மனை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள்.